உயரமா போதவில்லை?

ஆசியக் கைப்பந்துக் கோப்பையைப் பற்றி முதலாளிகளின் ஏடுகள் பாடும் பல்லவி ஒன்று உண்டு. "நம் ஆட்களுக்கு உயரம் போதாது, உடம்பில் வலு இல்லை, கையில் பணமும் இல்லை, என்ன செய்வது!" என்று ஒரு மூலையில் நாலு வரி பெருமூச்சு விடுவார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கிரிக்கெட் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று பக்கம் முழுக்கக் கணக்கு இருக்கும்.

ஏட்டில் கைப்பந்து என்று எழுதுகிறோம். ஆலை வாசலிலும் ஊர் மந்தையிலும் அதற்குப் பெயர் வாலிபால். அது நம் ஆட்டம். ஷிப்டு விட்டு வந்த தொழிலாளியும், நாற்றங்காலிலிருந்து கரையேறிய விவசாயத் தொழிலாளியும் இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, வலை கட்டி, பொழுது சாயும் வரை ஆடுகிற ஆட்டம். ஆகவே, நம் உடம்பைக் குறை சொல்லும் இந்தப் பல்லவிக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

கணக்கு என்ன சொல்கிறது?

தேசிய ஆண்கள் அணிகளுக்கான ஆசியக் கைப்பந்துப் போட்டி 1975-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஈரானின் உர்மியா நகரில் நடந்தது வரை 22 போட்டிகள். ஜப்பான் 10 முறை வென்றது. ஈரான் 4, தென் கொரியா 4, சீனா 3, ஆஸ்திரேலியா 1. கூட்டிப் பாருங்கள், 22-ம் தீர்ந்துவிட்டது. இந்தியாவுக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்படியானால் நமக்கு ஆடத் தெரியாதா? ஆசிய விளையாட்டு விழாவின் ஏடுகளைப் புரட்டுங்கள். 1958-ல் டோக்கியோவில் இந்தியக் கைப்பந்து அணி வெண்கலம் பெற்றது. 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளி பெற்றது. 1986-ல் சியோலில், ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளி மீண்டும் வெண்கலம் பெற்றது. அர்ஜுனா விருது ஏற்பட்ட முதல் ஆண்டான 1961-லேயே கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் நம் தமிழ்நாட்டு வீரர் ஏ. பழனிசாமி. இவ்வளவு தூரம் போவானேன்? 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த விழாவில், ஆசியக் கோப்பையை நான்கு முறை தூக்கிய தென் கொரியாவை நம் அணி மூன்றுக்கு இரண்டு செட் கணக்கில் வீழ்த்தியது. அதே அணி கால் இறுதியில் ஜப்பானிடம் தோற்று, முடிவில் ஆறாவது இடத்தில் நின்றது.

ஆக, ஒரு நாள் ஜெயிக்கிற திறமை நம்மவர்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்தத் திறமையைக் கட்டிக் காக்கிற ஏற்பாடுதான் இல்லை. இல்லாதது ஏற்பாடு, பழி விழுவது உடம்பின் மேல். இது பித்தலாட்டம் இல்லாமல் வேறென்ன?

உயரக் கதை

உயரக் கதையை ஜப்பானே உடைத்தெறிந்துவிட்டது. 2023-ல் உர்மியாவில், சொந்த மண்ணில் ஆடிய ஈரானை மூன்று செட்டும் நேராக வென்று கோப்பையைக் கொண்டுபோன அணி அது. அந்த அணிக்குப் பந்து தூக்கிக் கொடுத்த செகிட்டா 175 சென்டிமீட்டர் உயரம். நம் கணக்கில் ஐந்தே முக்கால் அடி! இந்த உயரத்து ஆட்கள் நம் ஆலைகளில் இல்லையா? கரும்பு வெட்டும் கும்பலில் இல்லையா? மூட்டை தூக்கும் தோழர்களில் இல்லையா?

வலையின் உயரம் 2.43 மீட்டர், ஏறக்குறைய எட்டடி. அதற்கு மேலே எழும்புவதற்குக் கால் வேண்டும், மூச்சு வேண்டும், வயிற்றில் சோறு வேண்டும். குழந்தைப் பருவத்தில் பாலும் முட்டையும் காணாதவன் வளர்த்தி குன்றிப் போனால், அது அவன் சாதியின் குறையா, ரத்தத்தின் குறையா? அவன் தாய்க்குக் கிடைத்த கூலியின் குறை! அரை வயிற்றுக் கூலி கொடுத்துவிட்டு, "பையன் ஏன் வளரவில்லை?" என்று கேட்கிற நியாயத்தைப் பண்ணையார்களிடம் நாம் பார்த்திருக்கிறோம். இப்போது விளையாட்டுப் பக்கத்திலும் பார்க்கிறோம்.

ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?

இந்த ஆட்டம் பிறந்த கதை வேடிக்கையானது. 1895-ல் அமெரிக்காவில், காகித ஆலைகள் நிறைந்த ஹோலியோக் என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் இதை உண்டாக்கினார். யாருக்காக? கூடைப்பந்து ஆடினால் மூச்சு வாங்குகிற நடுவயது வியாபாரக் கனவான்களுக்காக! கனவான்களுக்கென்று செய்த ஆட்டத்தை உலகமெங்கும் பாட்டாளிகள் தமதாக்கிக்கொண்டார்கள். காரணம் எளிது. இதற்குக் குதிரை வேண்டாம், மட்டை வேண்டாம், புல்தரை வேண்டாம். ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நம் நில அளவையில் நாலு சென்ட்! சுற்றிலும் ஓடிப் பந்தெடுக்க இடம் விட்டால் ஒன்பது சென்ட். ஒரு பந்து, ஒரு வலை, பக்கத்துக்கு ஆறு பேர். தீர்ந்தது செலவு.

இந்த நாலு சென்ட் நிலத்தைத் தொழிற்சாலையோடும் வேலையோடும் இணைத்த நாடுகளே ஆசியக் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஜப்பானில் அணிகளை வளர்த்த கம்பெனிகளின் பெயரைக் கேளுங்கள்: பானசோனிக், டோரே, ஜப்பான் புகையிலைக் கம்பெனி. டோரே என்பது நூலிழை செய்கிற கம்பெனி. வேலையும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. தென் கொரியாவில் மின்சார நிறுவனத்துக்கே அணி உண்டு. ஈரானில் பேக்கான் என்பது கார் தொழிற்சாலையின் அணி. இரும்பு எஃகு ஆலைகளின் பெயரில் வேறு அணிகளும் உண்டு. அந்த அடித்தளத்தின் மேல்தான் 2011-ல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹூலியோ வெலாஸ்கோ என்ற பயிற்சியாளரை ஈரான் அழைத்து வந்தது. அந்த ஆண்டே டெஹ்ரானில் முதல் கோப்பை. பிறகு 2013, 2019, 2021 என்று மூன்று. பயிற்சியாளர் மந்திரக்காரர் அல்ல. அடியில் அஸ்திவாரம் இருந்தது, அவர் மேலே சுவர் எழுப்பினார்.

ஜப்பான் முதலாளியும் ஈரான் ஆட்சியாளரும் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர் கைசூகா ஊரின் நிச்சிபோ நூற்பாலையைச் சேர்ந்தவர்கள். பகலில் ஆலையில் வேலை. பிறகு நள்ளிரவு வரை பயிற்சி. பதக்கம் அந்தப் பெண்களின் வியர்வை, விளம்பரம் கம்பெனிக்கு! ஈரான் ஆட்சியோ தன் சொந்தப் பெண்களைக் கைப்பந்து அரங்கத்தின் வாசலிலேயே தடுத்து நிறுத்தியது. 2014 ஜூனில் டெஹ்ரான் ஆஸாதி அரங்கத்தின் முன்னே அதை எதிர்த்து நின்றதற்காக கோன்சே கவாமி என்ற இளம்பெண் சிறைக்குப் போனார். 'ஆஸாதி' என்றால் சுதந்திரம் என்று பொருள்! கோப்பைகள் இந்தக் கறையைக் கழுவிவிடாது.

ஆனாலும் ஒன்றை அந்த முதலாளிகளும் ஆட்சியாளர்களும் புரிந்துகொண்டிருந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்று அஞ்சுகிறவனால் இன்றைக்குத் துள்ளி எழும்ப முடியாது. நம் ஆளும் வர்க்கத்துக்கு இந்தச் சின்ன உண்மைகூட உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அதற்குச் செலவு செய்ய மனமில்லை.

இங்கே தூண் எது?

இந்தியாவில் கைப்பந்தைத் தாங்கி நின்ற தூண் எது? கோடீஸ்வரனின் கொடையா? இல்லை. ரயில்வே, ராணுவம், போலீஸ், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்சார வாரியம், கொச்சியின் பாரத் பெட்ரோலியம் — இவையே தூண்கள். எல்லாம் ஜனங்களின் பணத்தில் நிற்கிற ஸ்தாபனங்கள். 1986 சியோலில் வெண்கலம் வென்ற அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ் யார்? கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்து கேரள போலீசில் வேலை பார்த்தவர். இத்தாலி நாட்டு அணிகளே அழைத்துச் சென்று ஆட வைத்த வீரர். 1987-ல் அங்கேயே சாலை விபத்தில் மாண்டார். அரசாங்க உத்தியோகம் என்ற ஏணி இல்லாமல் ஊர்ப்புறத்துப் பையன்கள் எத்தனை பேர் அவ்வளவு உயரம் ஏற முடியும்?

கூலிக்காரன் மகன் நன்றாகப் பந்தடிக்கிறான். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் கண்டுபிடிக்கிறார். மாவட்டம், மாநிலம் என்று போகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வாரியத்திலோ வேலை கிடைக்கிறது. மாதச் சம்பளம் வருகிறது. பயிற்சிக்கு நேரம் வருகிறது. வீட்டில் உலை கொதிக்கிறது. இந்தப் பாதை ஒன்றுதான் நமக்கு இருந்தது. அந்தப் பாதையை இன்று என்ன செய்கிறார்கள்?

2020 ஏப்ரல் 1-ந் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காகச் சுருக்கினார்கள். வங்கிகள் சுருங்கினால் வங்கி அணிகள் பெருகுமா? பாரத் பெட்ரோலியத்தையே விலை பேசினார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவ, 2022-ல் ஏலத்தைக் கைவிட நேர்ந்தது. அதே 2022-ல் ராணுவத்துக்கு அக்னிபத் என்ற திட்டம் வந்தது. நாலாண்டுச் சேவகம்; பிறகு நாலில் ஒரு பங்குக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நிரந்தர உத்தியோகம் இருந்த இடமெங்கும் காண்டிராக்ட் முறை. காண்டிராக்டருக்கு வலையும் தெரியாது, பந்தும் தெரியாது. ஆள் கணக்கும் கமிஷனும்தான் தெரியும். கோவையில் என்.டி.சி. பஞ்சாலைகள் 2020 மார்ச்சில் ஊரடங்கில் நின்றன. பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தறியும் கதிரும் துருப்பிடித்தன. தொழிலாளி குடும்பங்கள் திண்டாடின.

தூணை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, "கூரை ஏன் உயரவில்லை?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்குக் கூச்சமும் இல்லை!

ஏலக் கடை வைத்தியம்

"சர்க்கார் வேலையை நம்பியிராதே, தனியார் லீக் வந்துவிட்டது, கோடி கொட்டும்" என்கிறார்கள். சரி, அந்தக் கணக்கையும் பார்ப்போம். 2011-ல் ஒரு லீக் ஆரம்பித்தார்கள். ஒரே ஆண்டில் மூடினார்கள். 2019-ல் இன்னொரு லீக். சென்னை அணி கோழிக்கோட்டை வென்று பட்டம் பெற்றது. மேளம் கொட்டி முடிவதற்குள் லீக் நடத்திய கம்பெனிக்கும் இந்தியக் கைப்பந்துச் சம்மேளனத்துக்கும் தகராறு முற்றி, வழக்கு மன்றம் வரை போயிற்று. அந்த லீக்கும் ஒரே ஆண்டோடு சரி. 2022-ல் மூன்றாவதாக மற்றொன்று. சில வாரம் ஆட்டம். மீதி நாளெல்லாம் பட்டினியா என்று வீரன் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சம்மேளனத்தின் யோக்கியதையோ ஊர் சிரித்தது. பதவிச் சண்டை முற்றி, 2016-ம் ஆண்டின் முடிவில் உலகக் கைப்பந்துச் சம்மேளனம் இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. நாற்காலிக்கு அடித்துக்கொண்டவர்கள் பெரிய மனிதர்கள். சந்தி சிரித்ததோ தேசத்தின் பெயர். வியர்வை சிந்துகிறவனுக்கு அந்த நாற்காலிகளில் ஓர் இடமாவது உண்டா?

ஆட்டத்தின் விதியே சந்தைக்காக வளைந்துவிட்டது, தோழர்களே! முன்பெல்லாம் 15 பாயிண்டு. சர்வீஸ் வைத்திருந்த பக்கத்துக்கு மட்டுமே பாயிண்டு. பழைய ஆட்டக்காரர்களுக்கு நினைவிருக்கும். சர்வீஸ் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. டெலிவிஷன் கம்பெனிகளுக்கு இது ஆகவில்லை. விளம்பரம் விற்க நேரக் கணக்கு வேண்டுமே! 1998-ல் உலகச் சம்மேளனம் விதியை மாற்றியது. ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒரு பாயிண்டு, 25-ல் செட் முடிவு. புதிய விதியில் விறுவிறுப்பு இருக்கலாம். நம் பையன்களும் பழகிக்கொண்டார்கள். ஆனால் விதியை மாற்றும்போது கடிகாரத்தைப் பார்த்தவர்கள், ஆடுகிறவன் அடுப்பைப் பார்த்தார்களா?

நம் திடலிலும் வேலி உண்டு

ஆளும் வர்க்கத்தைச் சாடிவிட்டு நம் ஊர்த் திடலைப் பார்க்காமல் போவது நியாயமல்ல. ஊர்த் தெருவுக்கு ஒரு வலை, சேரிக்கு ஒரு வலை என்று இருக்கிற கிராமங்கள் இன்றும் உண்டு. சேரிப் பையன் அடித்த பந்து ஊர்ப் பையனின் மார்பில் பட்டதற்குக் கைகலப்பு ஆகிற கொடுமையும் உண்டு. பெண்பிள்ளை வலையருகே வந்தால் முகம் சுளிக்கிற அண்ணன்மார் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். டெஹ்ரான் அரங்கத்தின் வாசலில் பெண்ணைத் தடுத்தவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஆறு பேர் அணியைச் சாதி பார்த்துப் பொறுக்குகிற ஊரிலிருந்து ஆசியக் கோப்பைக்கு ஆள் எப்படிக் கிளம்பும்? வலைக்கு இரண்டு பக்கம் இருக்கலாம். ஒரே பக்கத்துக்குள்ளே வேலி போட்டால், பந்து தரையில்தான் விழும்.

எட்டு மணி நேரமும் ஆட்டமும்

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ஆடுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை எவனும் தானமாகத் தரவில்லை. எட்டு மணி நேர வேலை என்பது தொழிலாளி வர்க்கம் ரத்தம் கொடுத்து வாங்கியது. 1923-ல் தோழர் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடியை ஏற்றினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-ந் தேதி, ஆலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் மசோதாவைத் தமிழக சட்டசபையில் நிறைவேற்றினார்கள்! செங்கொடிச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. மற்றச் சங்கங்களும் சேர்ந்தன. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சரே அறிவிக்க நேர்ந்தது.

அந்த மசோதா நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பன்னிரண்டு மணி நேரம் வேலை, போக வர இரண்டு மணி நேரம். வலை கட்ட யாருக்குத் தெம்பு இருக்கும்? அந்திப் பொழுதைக் காப்பாற்றியது போராட்டம். ஆகவே மைதானம் வேறு, சங்கம் வேறு என்று நினைக்கிற இளம் தோழர்களுக்குச் சொல்கிறோம்: நீங்கள் சாயங்காலம் ஆடுகிற ஒவ்வொரு செட்டும் சங்கம் வாங்கித் தந்த நேரத்தில்தான் நடக்கிறது. "விளையாட்டில் அரசியலைக் கலக்காதே" என்று உபதேசம் செய்கிறவர்கள், பொறம்போக்கை வளைப்பவனிடமும் வங்கியை மூடுபவனிடமும் போய் அந்த உபதேசத்தைச் செய்யட்டும்!

நாம் கேட்பது என்ன?

நாம் கேட்பது தங்கத்தில் கோபுரம் அல்ல.

ஊருக்கு ஒன்பது சென்ட் திடல் வேண்டும். மந்தைவெளியையும் பொறம்போக்கையும் வளைத்தவர்களிடமிருந்து அதை மீட்க வேண்டும். அந்தத் திடல் ஊருக்கும் சேரிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

பள்ளிதோறும் டிரில் மாஸ்டர் வேண்டும். காலி இடத்தைக் காலியாகவே வைத்துக் காலம் தள்ளக் கூடாது.

ரயில்வே, வங்கி, மின்வாரியம், போலீஸ் வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டை முழுமையாக நிரப்ப வேண்டும். காண்டிராக்ட் முறை ஒழிய வேண்டும். பொதுத்துறையை விற்கக் கூடாது.

சம்மேளனத்தில் ஆடியவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் இடமும் ஓட்டும் வேண்டும்.

எட்டு மணி நேர வேலையில் எவனும் கை வைக்கக் கூடாது. வயிறு நிறையக் கூலி வேண்டும்.

இவற்றைக் கொடுத்துப் பார்க்கட்டும். அப்புறமும் கோப்பை வராவிட்டால் உயரத்தைப் பற்றிப் பேசட்டும். அதுவரை அந்தப் பல்லவியைப் பாட எவனுக்கும் அருகதை இல்லை!

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இந்த வாரம் சங்கக் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசுங்கள், போனசைப் பற்றிப் பேசுங்கள். கூடவே உங்கள் ஊர்த் திடலைப் பற்றியும் பேசுங்கள். அது யார் கையில் இருக்கிறது, யார் வளைத்திருக்கிறார்கள், யாரை உள்ளே விடுவதில்லை என்று கேளுங்கள். கேட்டு, மனு எழுதுங்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஒன்றுகூடிப் போய்க் கேளுங்கள். வலையைக் கட்டுங்கள், கொடியையும் கட்டுங்கள். ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி நம் ஊர் மந்தையிலிருந்துதான் தொடங்குகிறது!